பதினேழாம் நம்பர் கட்டிலும் ரீஃபண்டு மகமையும்

ஜூலை மாதத்தில் எனக்கு இருமக்கூட நேரம் கிடையாது என்று வருடா வருடம் சொல்லுவேன். போன ஜூலையில் இருமுவதற்கு மட்டும்தான் நேரம் இருந்தது.

அருப்புக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்து வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். பள்ளிக்கூட ஆசிரியர்கள், மில்லில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். பாலவனத்தத்திலிருந்தும் காரியாபட்டியிலிருந்தும்கூட ஆள் வரும். ஜூலைக் கடைசிதான் கெடு என்று தெரிந்தும் அந்தக் கடைசி வாரத்தில்தான் சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் ஃபாரம் பதினாறைத் தேடி எடுத்துக்கொண்டு படியேறுவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாரத்தில் என்னிடம் திட்டு வாங்காத தலைமை ஆசிரியர் இந்த வட்டாரத்தில் இல்லை.

சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தெட்டு வயதில் இளைக்கிறோமே என்ற சந்தோஷம். என் வீட்டுக்காரர்தான் முதலில் பயந்தார். அவர் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கல்யாண வீடுகளுக்கு அண்டா, கரண்டி, நாற்காலி, பந்தி மேசை அனுப்புகிற தொழில். பேச்சு குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், நான் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் என் ஆபீஸ் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. நான் அங்கே நின்று மூச்சு வாங்குவதை எப்போதோ கவனித்திருக்கிறார். நாற்காலியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் எனக்கே பயம் வந்தது.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம் என்று ஒவ்வொரு கவுண்டராக நின்றோம். வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். நுரையீரலுக்கு மேலே ஒரு மெல்லிய உறை உண்டாம். அந்த உறைக்குள் தண்ணீர் சேர்ந்தால் நுரையீரல் விரிய இடமில்லாமல் மூச்சு முட்டுமாம். என்னை ஒரு மேசையைக் கட்டிப்பிடித்தபடி குனிந்து உட்காரச் சொல்லி, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு நீள ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தார்கள். வைக்கோல் நிறத்தில் ஒரு பாட்டில் நிறைய. அதைச் சோதித்துவிட்டு, காசநோய், அதாவது டி.பி. என்றார்கள். மூன்று நாளைக்கு வந்த பில்லை என் வீட்டுக்காரர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊரார் கணக்கையெல்லாம் பார்க்கிற எனக்கு அந்த ஒரு பில்லை மட்டும் இன்றுவரை காட்டவில்லை.

அந்த டாக்டர் நல்ல மனிதர். இந்த நோய்க்கு மருந்தெல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், இங்கே கிடந்து காசைக் கரைக்காதீர்கள் என்று அவரே எழுதிக் கொடுத்து அனுப்பினார். எங்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பெண்கள் பொது வார்டில் பதினேழாம் நம்பர் கட்டில் கிடைத்தது. என் சளியில் கிருமி இல்லை, நோய் உறைக்குள்தான் இருக்கிறது, அதனால் அடுத்தவருக்குப் பரவாது என்று நர்ஸ் விளக்கினார். அப்புறம் ஒரு சீட்டை நீட்டி, நம்பிக்கை மையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார். எச்.ஐ.வி. பரிசோதனை.

காசநோய் என்று தெரிந்த எல்லோருக்கும் இதைப் பார்ப்பது வழக்கம். எச்.ஐ.வி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், குறைந்த இடத்தில் காசநோய் சுலபமாக நுழையும், இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் மருந்து கொடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. இதை நானே பல பேரிடம் பேசியிருக்கிறேன். ஆனாலும் சீட்டில் என் பெயரைப் பார்த்ததும் நான் எப்படிப்பட்ட குடும்பம் தெரியுமா என்று அந்த நர்ஸிடம் கேட்டேன். கேட்டது நான்தான், அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஏன் எழுத வேண்டும் என்றால், இந்த எச்.ஐ.வி.யின் பெயரைச் சொல்லித்தான் நான் பல வருடமாக ஊரில் பணம் திரட்டினேன். எங்கள் பக்கத்துக் கடைக்காரக் குடும்பங்களில் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. மூட்டைக்கு இவ்வளவு என்று, விற்கிற சரக்கில் ஒரு சின்னத் தொகையைப் பொதுவுக்கென்று எடுத்துவைப்பது. அந்தக் காசில் பள்ளிக்கூடம் எழும்பும், கோயில் பொங்கல் நடக்கும். மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த என் அப்பா மகமையைப் பிரித்து வைக்காமல் கல்லாவைப் பூட்ட மாட்டார். நான் அதை ரீஃபண்டுக்குப் பொருத்தினேன். சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்துவிட்ட வரி, கணக்குத் தாக்கல் செய்த பிறகு வங்கிக்குத் திரும்பி வருமே, அந்தப் பணம். போனது போனதுதான் என்று மறந்திருந்த காசு திரும்பி வந்ததும் மனிதர்கள் கொஞ்சம் இளகியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து போனைப் போட்டு, மகமை எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்பேன்.

மகமை போய்ச் சேருகிற இடம் திருச்சுழி ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் இயங்கும் சின்ன அறக்கட்டளை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக, அவர்களில் சிலரே சேர்ந்து நடத்துவது. மருந்து அரசாங்கம் கொடுத்துவிடுகிறது. ஆனால் அதை வாங்க மாதம் ஒரு முறை மருந்து கொடுக்கும் மையத்துக்குப் போக வேண்டும். நரிக்குடிக்கு அந்தப் பக்கம் உள்ள கிராமத்திலிருந்து என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலியும் போய்விடும். இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் போகலாம் என்று விட்டால் உள்ளே அடங்கிக் கிடந்த கிருமி தலைதூக்கும். அந்தப் பஸ் காசும் பிள்ளைகளுக்கு முட்டையும்தான் எங்கள் மகமை. அறக்கட்டளையின் கணக்கையும் நான்தான் பார்த்தேன். ஒரு வருடம் தை மாதத்திலேயே பஸ் காசு தீர்ந்துபோயிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இதை ஆரம்பித்தேன். முன்பெல்லாம் வரிக்கழிவு ரசீதுக்காகவாவது கொடுத்தார்கள். புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது. அப்புறம் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. கொடுத்தார்கள்.

பணத்தை வாங்கிப் போக வருகிறவள் பாண்டியம்மாள். திருச்சுழிப் பக்கத்துக் கிராமம், நாற்பது வயது இருக்கும். அவளுக்கே பல வருடமாக எச்.ஐ.வி. இருக்கிறது. அதை மறைக்க மாட்டாள். பஸ் ஸ்டாண்டு வாசலில் மைக் பிடித்துப் பேசுவாள், ஊருக்கே அவள் முகம் தெரியும். அவள் வந்தால் டீ வாங்கிக் கொடுப்பேன். மற்றவர்களுக்கெல்லாம் ஆபீஸ் கண்ணாடி டம்ளரில். அவளுக்கு மட்டும் பேப்பர் கப்பில். தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் பரவாது என்று மேடையே போட்டுப் பேசுவேன். கை மட்டும் பேப்பர் கப்பைத் தேடும். அவள் ஒரு நாளும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நம்பிக்கை மைய அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. உள்ளே ஆலோசகர் கேட்ட கேள்விகளுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லி, ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பெஞ்சின் மறுகோடியில் பாண்டியம்மாள். ஒரு பெரியவரைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்தாள். நான் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் நகர்ந்து வந்து, இரண்டு ஆள் உட்காருகிற இடைவெளி விட்டு, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"நான் உங்களைப் பாக்கலைக்கா. நீங்களும் என்னையப் பாக்க வேணாம். தண்ணி தவிச்சா இந்த பாட்டில்ல இருக்கு."

பாட்டிலை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். பாதி அவள் குடித்த பாட்டில். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, எடுத்துக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் பேப்பர் கப் ஞாபகம் வந்தது. காலராவே வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே கூப்பிட்டு, இல்லை என்றார்கள். வெளியே வந்து பாண்டியம்மாளிடம் எனக்கு இல்லையாம் என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே காதில் விழுந்தது. யாரிடம் வந்து எதற்குச் சிரிக்கிறோம் என்று பாதியில் நின்றுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லதாப் போச்சுக்கா. உங்க உடம்புக்கு ஒண்ணே போதும்" என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூட்டி வருகிற நாளெல்லாம் வார்டுக்கும் வந்துவிடுவாள். அவளுக்கும் முன்பு காசநோய் வந்து குணமாகியிருந்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் நிறம், ரத்தம் என்று நினைத்துக் கத்தி ஊரைக் கூட்டாதீர்கள் என்று முந்தின நாளே சொல்லி வைத்தாள். சொல்லியிருக்காவிட்டால் கத்தித்தான் இருப்பேன். ஒரு வாரத்தில் மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளாமல் வாந்தியும், கண்ணில் மஞ்சளும் வந்தன. கல்லீரல் கொஞ்சம் கோபித்துக்கொண்டது, அவ்வளவுதான் என்றார் வார்டு டாக்டர். எல்லா மாத்திரையையும் நிறுத்தி, மஞ்சள் இறங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். அதனால் ஐந்து நாள் என்று சொல்லி வந்த இடத்தில் மூன்று வாரம் ஆகிவிட்டது.

அந்த மூன்று வாரமும் சமையல் என் வீட்டுக்காரர். ஐந்நூறு பேருக்கு எத்தனை படி அரிசி, எத்தனை கிலோ பருப்பு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார். ஒருத்திக்கு ரசம் வைக்க எத்தனை மிளகு என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த அளவைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து, கடைசியில் கடையிலிருந்து ஒரு பெரிய தூக்குவாளி எடுத்து, அது நிறைய ரசம் கொண்டு வந்தார். வார்டே குடித்தது. மறுநாள் அவர் வருகிற நேரத்துக்கு எல்லாக் கட்டிலிலும் டம்ளர் தயாராக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து நர்ஸ்களும் வந்தார்கள். எனக்கு வாயில் எதுவும் தங்காத நாட்களில்கூட அந்த ரசம் தங்கியது. முப்பது வருடமாக என் சமையலைச் சாப்பிட்டவரின் கையில் இப்படி ஒரு ரசம் இருந்தது தெரியாமல் இருந்துவிட்டேனே என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஊரில் பேச்சு கிளம்பியது. முதுகில் ஊசி போட்ட பக்கம் கையைத் தூக்க முடியாமல் நான் தலை சீவாமல் கிடந்தேன். ஒரு நாள் பாண்டியம்மாள் என்னை உட்காரவைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். எதிர்க்கட்டிலில் யாரையோ பார்க்க வந்திருந்த அருப்புக்கோட்டைப் பெண் ஒருத்தி, என் வாடிக்கையாளர் ஒருவரின் நாத்தனார், அதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஊர் பேசியது இப்படி: மகமையை யாருக்குக் கொடுப்பார்கள்? அவரவர் சனத்துக்கு. ஒரு தெருக்காரர் இன்னொரு தெருக் கோயிலுக்கு மகமை வைக்கிற வழக்கம் இல்லை. இவள் வருடா வருடம் அந்த டிரஸ்ட்டுக்கு மகமை திரட்டுகிறாள். இப்போது மெலிந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அந்த மைக் பிடித்துப் பேசுகிறவள் சொந்தத் தங்கச்சி மாதிரி தலை பின்னிவிடுகிறாள். அப்படியானால் இவளும் அந்தச் சனம்தான். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே போடக்கூடிய கணக்கு இது. கணக்குப் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டலில் பிழை இல்லை.

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் வந்து தங்கள் ஃபைலைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் ஏழெட்டுப் பேர். ரீஃபண்டு வந்துகொண்டிருந்த நேரம் அது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நான் மகமைக்காகப் போன் செய்தால் எடுக்கவில்லை. குமாரலிங்கபுரத்தில் ஒரு கல்யாண வீட்டார் எங்கள் கடையில் சொல்லி வைத்திருந்த பாத்திரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதை என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவே இல்லை. ரசத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். சொன்னது அவர் தம்பி.

என் கொழுந்தனார் எதையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும் என்கிறவர். "மதினி, ரிசல்ட்ட போட்டோ எடுத்துக் குடுங்க. கடைக்காரங்க சங்கத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டுவிடுறேன். பொழுது அடையறதுக்குள்ள எல்லா வாயும் மூடிரும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பாண்டியம்மாளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கினேன். அவளோ என்னைவிட அவசரப்பட்டாள். போட்டுவிடுங்கள், இந்த ரீஃபண்டு நேரத்தை விட்டால் தை மாதம் பஸ்ஸுக்குக் காசு இருக்காது, எங்களுக்காகவும்தான் சொல்கிறேன் என்றாள். ரிசல்ட்டைப் போனில் படம் எடுத்தேன். "எனக்கு அந்த நோய் இல்லை என்பதை அனைவருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று அதன் கீழே தட்டச்சு செய்தேன். பார்வையாளர் நேரம் முடிந்ததும் கொழுந்தனாருக்கு அனுப்பிவிடலாம் என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் ஒருவர் பார்க்க வந்தார். என் வாடிக்கையாளர். அவர் பெயரையோ வேலையையோ எழுதப்போவதில்லை; இவ்வளவையும் எழுதுவதே அவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் வாளி கழுவப் போகும் வரை எதுவும் பேசவில்லை. அப்புறம் குனிந்தபடியே சொன்னார்.

"உங்களுக்கும் இதுதான்னு கேள்விப்பட்டேன்க்கா."

இல்லை தம்பி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் நிறுத்தவில்லை.

"எனக்கும் இருக்கு. ரெண்டு வருசமாச்சு. வீட்டுலகூட சொல்லலை. நீங்க நாலு பேரு பாக்க இப்படிப் படுத்து மருந்து சாப்பிடுறீக. அதான் உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன்."

ரத்ததானம் கொடுக்கப் போன இடத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்களாம். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் போகவில்லை, ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை. சட்டைக் காலருக்குள் அவர் கழுத்து எவ்வளவு இளைத்திருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஜூலையில் என் எதிரில் உட்கார்ந்து திட்டு வாங்கியபோதும் அது இப்படித்தான் இருந்திருக்கும். நான் ஃபாரம் பதினாறை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இல்லை என்று அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் அவர் ஆப்பிளை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார். நான் அதைச் சொல்லவில்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை. தினம் ஒரு மாத்திரை, பிரஷர் மாத்திரை போலக் காலம் முழுக்கச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும், பிள்ளை குட்டிகளோடு எல்லோரையும் போல இருக்கலாம் என்று பாண்டியம்மாள் மைக்கில் பேசிக் கேட்டதையெல்லாம் மெதுவாகச் சொன்னேன். மையத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"நீங்க கூட வாரதா இருந்தா போறேன்க்கா" என்றார்.

வாரேன் என்றேன். அவர் போன பிறகு போனை எடுத்து, தட்டச்சு செய்திருந்ததை அழித்தேன்.

மறுநாள் பாண்டியம்மாள் வந்ததும், அதை அனுப்பவில்லை, ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். யார் என்று அவள் கேட்கவில்லை. முந்தின நாள் அவ்வளவு அவசரப்படுத்தியவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப போடாதீகக்கா. பஸ் காசை நான் எப்படியாச்சும் பாத்துக்கிறேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் காசு இல்லாமல் யார் யார் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பெயர் பெயராகத் தெரியும். அவர்களை மனதில் வைத்துக்கொண்டேதான் முன்பின் தெரியாத ஒருவருக்காக அப்படிச் சொன்னாள்.

வீட்டுக்காரரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. காரணத்தைச் சொல்ல முடியாது, கடையோ நட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ரிசல்ட்டைப் போட மாட்டேன், ஏன் என்று கேட்காதீர்கள் என்றேன். ரசத்தை ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. "சரி. இன்னொரு கல்யாண வீடு வரும்" என்றார். நாங்கள் பார்த்துப் பேசிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இல்லை, பெரியவர்கள் முடித்து வைத்ததுதான். அன்றைக்கு மட்டும் நானே தேடிப் பிடித்தாலும் இவரைத்தான் பிடித்திருப்பேன் என்று தோன்றியது. கொழுந்தனார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து அந்தத் தம்பியோடு மையத்துக்குப் போனேன். எங்களை யாருக்கும் தெரியாத வேறு ஊர். அவர் சரி என்றதால் பாண்டியம்மாள் முன்னாலேயே போய்ச் சீட்டு வாங்கி வைத்திருந்தாள். ஆலோசனை, ரத்தப் பரிசோதனை, மறுபடி ஒரு வாரம் கழித்து வரச் சொன்னது என்று இரண்டு முறை போனோம். இரண்டாம் முறை மாத்திரை டப்பாவோடு வெளியே வந்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார், "நீங்க உங்க மாத்திரைய வாங்கலையாக்கா?"

இதற்கு மேல் பேசாமல் இருந்தால் அது பொய். "எனக்கு இல்லை தம்பி. எனக்கு டி.பி. மட்டும்தான்" என்றேன்.

எங்கள் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"அப்ப ஏன்க்கா ஊர்ல பேசுறப்ப நீங்க மறுக்கலை?"

"மறுக்கத்தான் போட்டோ எடுத்து வச்சிருந்தேன். நீங்க வந்து உக்காந்துட்டீங்க."

அவர் அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் மாத்திரையை விட மாட்டேன், நீங்கள் இனிமேலாவது ஊருக்குச் சொல்லிவிடுங்கள், அண்ணன் கடைக்கும் கேடு என்றார். சொல்கிறேன், இன்னும் ஒரு ஆள் இப்படி வருகிறாரா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு அது சரியாகவே பட்டது.

அந்த வருட மகமை பாதிக்கும் கீழே போய்விட்டது. பாண்டியம்மாள் தூரத்துக் கிராமத்துக்காரர்களுக்கு மட்டும் பஸ் காசு என்று வைத்துக்கொண்டு, மீதிப் பேருக்கு மாத்திரையைத் தானே வாங்கிப் போய்க் கொடுக்க மையத்தில் பேசி அனுமதி கேட்டாள். ஒரு தலைமை ஆசிரியர், நான் அதிகமாகத் திட்டியவர்களில் ஒருவர், தன் ரீஃபண்டை முழுதாக ஒரு கவரில் போட்டுக் கொண்டு வந்து கொடுத்தார். எனக்கு இருக்கிறது என்றே அவர் நம்பினார். நல்லாச் சாப்பிடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கலாம், ஆனால் அடுத்த ஜூலையில் திட்ட முடியாமல் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் மாடியேறி வந்தாள். முன்னால் பார்த்த முகம் இல்லை. கணக்கு வேலை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தலாமா என்று கேட்டாள். அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லி, அவர் மனைவி என்றாள். அவர் வீட்டில் சொல்லி, இவளும் சோதித்துப் பார்த்து, இவளுக்கும் இருக்கிறது என்று தெரிந்து, மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. பிள்ளைக்கு இல்லை. இரண்டு வருடம் மறைத்தவர் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. அது எங்க வீட்டுக்குள்ள" என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். உங்களுக்கு இல்லை என்று அவர் சொன்னார், இல்லாமலே இத்தனை நாள் ஊர்ப் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தீர்களே என்றாள். நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். அவள் என் மேசை மேல் இருந்த ஃபைல்களையும், காலியாகக் கிடந்த அலமாரித் தட்டையும் ஒரு முறை பார்த்தாள்.

"இனிமே நீங்க ஊருக்குச் சொல்லலாம்க்கா. அடுத்து யாராச்சும் பயந்துக்கிட்டு வந்தா எங்க வீட்டுக்கு அனுப்புங்க."